துன்ப காலத்தில் ஆராதனை: மலையகத்துப் பதின்ம வயதினருக்குக் கற்பிக்கப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு "இனிமேல் பெரிய பிள்ளைகளின் ஞாயிறு பள்ளி வகுப்பை நீங்கள் எடுங்கள்" என்று போதகர் சொல்லிவிட, வேதாகமத்தையும் பழைய பாடக் கொப்பி ஒன்றையும் வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவதென்று தெரியாமல் நிற்கும் இளைஞர்கள் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத் திருச்சபைகளில் பலர் உள்ளனர். இக்கட்டுரை அவர்களுக்காகவே எழுதப்படுகிறது. 13 முதல் 18 வயது வரையான பிள்ளைகளுக்கு, துன்பம் நேரும்போது தேவனை எப்படி ஆராதிப்பது என்பதைச் சில வாரங்களில் படிப்படியாகக் கற்பிக்க இது உதவும். கத்தோலிக்க மறைக்கல்வி ஆசிரியர்களும் சொற்களைச் சற்று மாற்றிக்கொண்டு இதே ஒழுங்கைப் பின்பற்றலாம்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக மனதில் கொள்ளுங்கள். துன்பத்தில் ஆராதிப்பதென்றால் அழுகையை விழுங்கிக்கொண்டு உரத்த குரலில் துதிப்பாடல் பாடுவதென்றே நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி எண்ணும் பிள்ளை, உண்மையாகவே ஒரு பெரிய இழப்பைச் சந்திக்கும் நாளில், பாட முடியாத தன்னைத் தேவன் ஏற்கமாட்டார் என்று முடிவு செய்து ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிடும். தேவனிடம் முறையிடுவதும், கேள்வி கேட்பதும், அவருடைய சமுகத்தில் அழுவதும் ஆராதனையே என்பதை வேதாகமத்திலிருந்தே அவர்களுக்குக் காட்டுவதுதான் இவ்வகுப்புகளின் வேலை.

முதற்படி: வகுப்பில் இருப்பவர்கள் யார் என்று அறிதல்

பாடத்தைத் தயாரிப்பதற்கு முன் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒரு முறையாவது சென்று வாருங்கள். லயக்காம்பிராவின் (தோட்டத் தொழிலாளர் வசிக்கும் வரிசை வீட்டு அறையின்) வாசலில் அமர்ந்து ஒரு கோப்பை தேநீர் குடிக்கும் நேரத்தில் தெரியவருபவை, வகுப்பில் ஓராண்டு கேட்டாலும் தெரியவரமாட்டா. தாய் மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுவேலை செய்ய, பாட்டியிடம் வளரும் பிள்ளை எது, தந்தையின் குடியினால் இரவில் உறங்காத பிள்ளை எது, சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறியதால் கொழும்பில் கடை வேலைக்குப் போகும்படி வீட்டார் சொல்லிக்கொண்டிருக்கும் பிள்ளை எது, மழை பெய்தால் பின்பக்கத்து மண்மேட்டைப் பார்த்துப் பயப்படும் குடும்பம் எது என்பவற்றை அறிந்திருந்தால், எந்த உதாரணத்தைச் சொல்லலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும். அறிந்தவற்றை வகுப்பில் ஒருபோதும் உதாரணமாக எடுக்காதீர்கள். ஒரே தோட்டத்துப் பிள்ளைகள் என்பதால் பெயரைச் சொல்லாவிட்டாலும் ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள்.

ஒரே லயத்தில் மெதடிஸ்த, அங்கிலிக்கன், கத்தோலிக்க, பெந்தெகொஸ்தே குடும்பங்களும் இந்துக் குடும்பங்களும் அடுத்தடுத்து வாழ்வது இங்கே வழக்கம். பல பிள்ளைகளின் மாமன், சித்தி வீட்டார் வேறு சமயத்தவர்கள். ஆகவே பிறருடைய வழிபாட்டைத் தாழ்த்திப் பேசி உங்கள் பாடத்தை உயர்த்த முற்படாதீர்கள். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் அந்த உறவினர்களோடுதான் சாப்பிட வேண்டும்.

இரண்டாம் படி: தவறான விளக்கங்களை முதலில் அகற்றுதல்

முதல் வகுப்பில் எதையும் கற்பிக்க முன், "ஒரு வீட்டில் துன்பம் வந்தால் நம் ஊரில் என்ன காரணம் சொல்வார்கள்?" என்று கேளுங்கள். தலைவிதி, கிரக பலன், செய்வினை, பெற்றோர் செய்த பாவம், ஜெபம் போதாமை, விசுவாசக் குறைவு என்று பதில்கள் வரும். எல்லாவற்றையும் பலகையில் எழுதிவையுங்கள். கடைசி இரண்டும் நம் சபைகளின் உள்ளிருந்தே வருபவை என்பதைப் பிள்ளைகளே கவனிக்கட்டும்.

அதன்பின் லூக்கா 13ஆம் அதிகாரத்தின் முதல் ஐந்து வசனங்களை வாசிக்கச் செய்யுங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்த செய்தியை இயேசுவே எடுத்துப் பேசுகிறார். இறந்தவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளாக இருந்தார்கள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, "அப்படியல்ல" என்று தாமே பதில் சொல்கிறார். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்ததையும் அறிந்த பிள்ளைகளுக்கு இந்தப் பகுதி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய செய்தியாகத் தோன்றாது. அதே பகுதியில் மனந்திரும்பும்படி இயேசு சொல்வதையும் மறைக்காமல் வாசியுங்கள். அந்தச் சொல் கேட்டுக்கொண்டிருந்த எல்லாருக்கும், ஆசிரியருக்கும் சேர்த்தே, சொல்லப்பட்டது. மண்ணுக்குள் போனவர்களைக் குற்றம்சாட்ட அதை யாரும் பயன்படுத்த முடியாது.

நேரமிருந்தால் யோவான் 9ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தையும் சேர்க்கலாம். பிறவிக் குருடனைக் கண்டு, இவன் பாவம் செய்தானோ, இவனைப் பெற்றவர்கள் செய்தார்களோ என்று சீஷர்கள் கேட்க, இருவருமல்ல என்று இயேசு மறுக்கும் இடம் அது. ஆனால் ஒரே வகுப்பில் வசனங்களைக் குவிப்பதைவிட ஒன்றை நிதானமாக வாசிப்பதே நல்லது.

மூன்றாம் படி: முறையிடும் சங்கீதத்தைக் கற்பித்தல்

இந்த வரிசையில் அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி இதுதான். இரண்டு அல்லது மூன்று வாரங்கள் எடுத்தாலும் தகும். சங்கீதப் புத்தகத்திலுள்ள 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடும் புலம்பலுமாகவே இருக்கின்றன. நாம் ஆலயத்தில் வாசிப்பதும் சுவரில் தொங்கவிடுவதும் மற்றவற்றையே என்பதால், பிள்ளைகள் பெரும்பாலும் இவற்றைக் கேட்டதே இல்லை.

13ஆம் சங்கீதத்தோடு தொடங்குங்கள். ஆறே வசனங்கள் கொண்டது என்பதால் பதின்ம வயதினருக்கு அலுக்காது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று அது ஆரம்பிக்கிறது. "எதுவரைக்கும்" என்ற சொல் முதலிரண்டு வசனங்களில் நான்கு முறை வருவதைப் பிள்ளைகளே எண்ணிக் கண்டுபிடிக்கட்டும். பின்பு சங்கீதம் நகரும் விதத்தைக் காட்டுங்கள்: முதலிரண்டு வசனங்கள் முறையீடு, அடுத்த இரண்டும் வேண்டுதல், கடைசி இரண்டும் நம்பிக்கை. இந்த மூன்றையும் பலகையில் எழுதிய பிறகு ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் இடையில் தாவீதின் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? தீர்ந்ததாக எங்கும் எழுதப்படவில்லை. சூழ்நிலை அப்படியே இருக்க, பேசிக்கொண்டிருந்தவரின் மனம் தேவன் பக்கமாகத் திரும்புகிறது. இந்த ஒன்றைப் பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடித்துவிட்டால் மற்றெதுவும் விளங்காமற்போனாலும் கவலைப்பட வேண்டாம்.

அடுத்த வாரம் 88ஆம் சங்கீதத்தை எடுங்கள். புதிய ஆசிரியர்கள் இதைத் தவிர்க்கவே விரும்புவார்கள், ஏனெனில் இதன் முடிவில் நம்பிக்கை வசனம் எதுவும் இல்லை. நண்பர்கள் விலகிப்போனார்கள் என்ற துக்கத்தோடேயே அது நின்றுவிடுகிறது. அதனாலேயே அது வகுப்புக்குத் தேவை. 13ஆம் சங்கீதத்தின் ஐந்தாம் வசனத்து நம்பிக்கைக்கு இன்னும் வந்து சேராத பிள்ளை உங்கள் வகுப்பில் நிச்சயமாக ஒன்று இருக்கும். அந்தப் பிள்ளையின் நிலையிலிருந்து எழுந்த ஜெபமும் வேதாகமத்தில் இடம்பெற்றிருக்கிறது என்பதை அது அறிய வேண்டும். பாடத்தின் முடிவில் அவசரப்பட்டு ஒரு மகிழ்ச்சியான வசனத்தை ஒட்டி நிறைவு செய்யாதீர்கள்.

இங்கே நம் மக்களிடம் உள்ள ஒரு செல்வத்தைப் பயன்படுத்தலாம். சாவு வீட்டில் பாட்டிமார் ஒப்பாரி வைப்பதைப் பிள்ளைகள் கேட்டே வளர்ந்திருக்கிறார்கள். இறந்தவரை நேரில் அழைத்து, என்னை ஏன் விட்டுப்போனாய் என்று கேட்டு, அவருடைய நற்குணங்களைச் சொல்லி அழும் அந்த முறையை அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. படித்த பிள்ளைகள் சிலர் அதைக் கேட்டு வெட்கப்படுவதுண்டு. அது தேவையற்ற வெட்கம். ஒப்பாரி இறந்தவரை நோக்கிச் செல்கிறது, சங்கீதம் உயிருள்ள தேவனை நோக்கிச் செல்கிறது என்ற வேறுபாட்டைச் சொல்லி, துக்கத்தைச் சொற்களில் ஒழுங்குபடுத்தி வெளியே கொண்டுவரும் கலை நம் முன்னோருக்கும் தெரிந்திருந்தது என்று காட்டினால், எரேமியாவின் புலம்பலும் அவர்களுக்கு அந்நியமாக இராது.

பின்பு ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, 13ஆம் சங்கீதத்தின் மூன்று பகுதிகளையும் பின்பற்றித் தங்கள் சொந்த சங்கீதத்தை எழுதச் சொல்லுங்கள். மூன்றாம் பகுதியை எழுத முடியாதவர்கள் அதை வெறுமையாக விட்டுவிடலாம் என்று முன்கூட்டியே அனுமதி கொடுங்கள். வாசிக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம், தாள்களைச் சேகரிக்கவும் வேண்டாம். பேச்சுத் தமிழில் எழுதுவதைத் திருத்தாதீர்கள். பாடசாலை நாள் முழுவதும் எழுத்துப்பிழைக்காகச் சிவப்புக் கோடு வாங்கிய பிள்ளைக்கு, கோடு விழாத ஒரு தாளாவது இருக்கட்டும்.

நான்காம் படி: "ஆகிலும்" என்று சொல்லப் பழகுதல்

ஆபகூக் 3ஆம் அதிகாரத்தின் 17, 18ஆம் வசனங்களை நம் சபைகளில் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாதிருந்தாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிறார் தீர்க்கதரிசி. ஆனால் அதே புத்தகம் "நான் எதுவரைக்கும் கூப்பிடுவேன்" என்ற முறையீட்டோடுதான் தொடங்குகிறது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. முதல் அதிகாரத்தை வாசிக்காமல் மூன்றாம் அதிகாரத்தைக் கற்பிப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். இரண்டையும் ஒரே வகுப்பில் வாசியுங்கள். இடையில் தேவனுடைய பதிலுக்காக ஆபகூக் காவல் மேடையில் நின்று காத்திருந்ததையும் சொல்லுங்கள்.

பிறகு 17ஆம் வசனத்தைத் தங்கள் தோட்டத்து நிலைமைக்கேற்ப எழுதச் சொல்லலாம். கொழுந்து இல்லாமல் வேலை நாட்கள் குறைந்தாலும், நிறுவை போதாதென்று அம்மாவுக்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்தாலும், பனி விழுந்து மரக்கறிப் பாத்தி கருகினாலும், வெளிநாட்டிலிருந்து அழைப்பு வராவிட்டாலும் என்று அவர்கள் எழுதுவார்கள். 18ஆம் வசனத்தை மாற்றாமல் அப்படியே விட்டு, குழுவாக ஒருமுறை வாசியுங்கள். தானியேல் 3ஆம் அதிகாரத்தில் அக்கினிச் சூளையின் முன் நின்ற மூன்று வாலிபர்களும் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்று சொன்னதோடு நிற்காமல், தப்புவிக்காமற்போனாலும் சிலையைப் பணியமாட்டோம் என்று சேர்த்துச் சொன்னதை இதனோடு இணைத்துக் காட்டலாம்.

அரைப்பேரைப் பற்றி எழுதும் பிள்ளை, "அப்படியானால் குறைந்த சம்பளத்தையும் பொறுத்துக்கொண்டு ஆராதிக்க வேண்டுமா?" என்று கேட்கக்கூடும். கேட்டால் மகிழுங்கள். வயல்களை அறுத்த வேலைக்காரரின் பிடிக்கப்பட்ட கூலி தேவனை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்வதையும், நியாயமில்லாத இடத்தில் பாட்டுகளின் இரைச்சல் தமக்கு வேண்டாமென்று ஆமோஸ் 5ஆம் அதிகாரத்தில் கர்த்தர் சொல்வதையும் வாசித்துக் காட்டுங்கள். அநியாயத்தைச் சகித்துக்கொள்ளப் பழக்கும் கருவியாக ஆராதனையை யாரும் ஆக்கக் கூடாது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

ஐந்தாம் படி: பாடல்களைத் தெரிவு செய்தல்

கிட்டாரும் கீபோர்டும் கொண்ட வேகமான பாடல்களை வாலிபர்கள் விரும்புவது இயல்பு. அவற்றைத் தடுக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு கூட்டத்தில் பாடப்படும் எல்லாப் பாடல்களும் வெற்றியைப் பற்றியவையாக இருந்தால், தோற்றுப்போய் வந்திருப்பவருக்கு அங்கே இடமில்லை. நான்கு பாடல்களில் ஒன்றாவது மெதுவான ராகத்தில், வேண்டுதலாக அமையட்டும். பழைய கீர்த்தனைகளில் இத்தகையவை ஏராளம் உண்டு. வயதில் மூத்த ஒருவரை அழைத்து, அவர் எந்தத் துன்பத்தில் எந்தக் கீர்த்தனையைப் பாடினார் என்று சொல்லச் செய்து, ராகத்தையும் அவரிடமே கற்றுக்கொள்ளலாம்.

பவுலும் சீலாவும் பிலிப்பி சிறையில் நடு இரவில் பாடியதை (அப்போஸ்தலர் 16:25) கற்பிக்கும்போது, பாடியதால் கதவு திறந்தது என்று மட்டும் முடித்துவிடாதீர்கள். கதவு திறக்கும் என்று அறியாமலேயே, அடிபட்ட முதுகோடும் தொழுமரத்தில் மாட்டிய கால்களோடும் அவர்கள் பாடினார்கள், மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாடினால் பிரச்சினை தீரும் என்று கற்றுக்கொண்ட பிள்ளை, தீராதபோது பாட்டையும் விட்டுவிடும், விசுவாசத்தையும் விட்டுவிடும்.

மண்சரிவோ மரணமோ நேர்ந்த உடனே செய்ய வேண்டியவை

மேலே சொன்ன ஒழுங்கு சாதாரண நாட்களுக்குரியது. அனர்த்தம் நேர்ந்த முதல் வாரங்களில் பாடம் நடத்தாதீர்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான், வாயைத் திறந்த பின்பே கெடுத்தார்கள். சாகவேண்டுமென்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தேவன் முதலில் அனுப்பியது அப்பமும் தண்ணீரும்தான். போதனை அதற்குப் பிறகே வந்தது. ஆகவே முகாமாக மாறிய பாடசாலையிலோ ஆலய மண்டபத்திலோ இருக்கும் பிள்ளைகளுக்கு உணவு, உலர்ந்த உடை, கம்பளி, சுகாதாரத் துணி, பாடக் கொப்பி ஆகியவை கிடைக்கின்றனவா என்று பாருங்கள். வகுப்பின் மற்றப் பிள்ளைகளை இந்த வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவே அவர்களுடைய அந்த வார ஆராதனை.

"எல்லாம் நன்மைக்கே", "தேவனுக்கு ஒரு திட்டம் இருக்கும்", "உன் தம்பி பரலோகத்தில் சந்தோஷமாக இருக்கிறான், அழாதே" என்பவற்றை அந்நாட்களில் சொல்லாதீர்கள். லாசருவின் கல்லறைக்கு முன் இயேசு கண்ணீர் விட்டார். சில நிமிடங்களில் அவனை எழுப்பப்போவது தெரிந்திருந்தும் அழுதார். ஜெபம் செய்ய வேண்டுமானால் இரண்டு மூன்று வாக்கியங்களில், தணிந்த குரலில் செய்யுங்கள்.

பிள்ளைகள் மீண்டும் ஒன்றுகூடும்போது 121ஆம் சங்கீதத்தைக் கவனமாகக் கையாளுங்கள். பர்வதங்களை நோக்கிக் கண்களை ஏறெடுப்பது நமக்கு மிகவும் பிடித்த வரி, ஏறக்குறைய நம் ஊர்ப் பாட்டுப்போல. ஆனால் அந்த மலையே இறங்கி வந்ததைக் கண்ட பிள்ளைக்கு அது வேறுவிதமாகக் கேட்கும். இரண்டாம் வசனத்தை அழுத்திச் சொல்லுங்கள். ஒத்தாசை வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்தே வருகிறது. மலைகள் சாய்ந்துபோவதைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் 46ஆம் சங்கீதம் இன்னும் பொருத்தமானது. எனினும் "பயப்படோம்" என்ற சொல்லைப் பயந்துகொண்டிருக்கும் பிள்ளையின் வாயில் திணிக்காமல், பெரியவர்கள் வாசிக்க, பிள்ளைகள் கேட்டிருக்கட்டும்.

இன்னொன்றையும் இதே வகுப்பில் சொல்லிவிடுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் வெளியிடுகிறது. சிவப்பு என்றால் அவ்விடத்தை விட்டு வெளியேற வேண்டும். ஜெபித்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பதுதான் விசுவாசம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தரையில் பிளவு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் எச்சரிக்கை வரும்வரை காத்திராமல் பெரியவர்களிடம் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

தனியே பேச வரும் பிள்ளை

முறையிடலாம் என்று கற்பித்தால் சில பிள்ளைகள் உண்மையாகவே பேசத் தொடங்குவார்கள். அதற்கு முன்னேற்பாடு வேண்டும். பிறர் பார்வையில் படும் இடத்தில், ஆனால் பேச்சுக் காதில் விழாத தூரத்தில் அமர்ந்து கேளுங்கள். மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனித்திருக்க வேண்டாம். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்தென்றால் உதவக்கூடிய ஒருவரிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று பேச்சின் தொடக்கத்திலேயே கூறிவிடுங்கள்.

சாக விரும்புவதாகச் சொல்வது, தன்னைத்தானே காயப்படுத்துவது, வாரக்கணக்கில் உறக்கமோ உணவோ இல்லாமலிருப்பது, யாரோ தன்னிடம் தவறாக நடந்ததாகத் தெரிவிப்பது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் ஜெபத்தோடு நிறுத்தக் கூடாது. பிள்ளையைத் தனியே விடாமல், போதகருக்கோ நம்பத்தக்க மூத்தவருக்கோ அன்றே தெரிவியுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 ஆகிய தொலைபேசி இலக்கங்களை வகுப்பறைச் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள். குற்றம்சாட்டப்படுபவர் சபையில் பெரிய மனிதர் என்பதற்காக விடயத்தைச் சபைக்குள்ளேயே முடிக்க யாரேனும் முயன்றால் அதற்கு உடன்படாதீர்கள்.

வீட்டில் தொடர்தல்

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஏழு பேர் இருக்கும் வீட்டில் "அறைக் கதவை மூடித் தனித்து ஜெபி" என்பது நடைமுறைக்கு ஒத்துவராது. தண்ணீர் எடுக்கப் போகும் வழி, பாடசாலைக்கு நடக்கும் ஒற்றையடிப் பாதை, விளக்கணைத்த பின் போர்வைக்குள் கிடக்கும் சில நிமிடங்கள் ஆகியவையே இவர்களுக்குக் கிடைக்கும் தனிமை. ஒரு வாரத்துக்கு ஒரு வசனம், ஒரு முறையீடு, ஒரு நன்றி என்று கொடுங்கள். கொப்பியில் எழுதுவதைக் கட்டாயமாக்காதீர்கள், வீட்டில் யாராவது எடுத்து வாசிப்பார்கள்.

பரீட்சைக் காலத்தில் ஞாயிறு டியூஷன் வகுப்புகளால் வரவு குறையும். அதற்காக வராத பிள்ளைகளைப் பற்றிச் சபையின் முன் குறைசொல்ல வேண்டாம். வாரநாளில் மாலை அரை மணி நேரத்தை ஒதுக்கி, அவர்கள் டியூஷன் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்குச் சென்று பாருங்கள். தொடர்ந்து மூன்று வாரம் வராத பிள்ளை இருந்தால், ஏன் வரவில்லை என்று கேட்பதற்காக அல்லாமல் எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்காக, வகுப்பிலுள்ள அதன் நண்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்குச் செல்லுங்கள்.